வெட்டும் நொதி, காட்டிக்கொடுக்கும் துண்டு: செல்சுவர்ச் சிதைவில் பூசணத்தின் கட்டுப்பாடு

பயிருக்குள் நுழையும் பூசணத்துக்குச் செல்சுவர் முதல் தடை. பலவற்றுக்கு அதுவே உணவும் ஆகிறது. பூசணச் சுரப்பு செல்சுவரைக் கரைக்கிறது என்பதை ஸ்க்ளிரோட்டினியா என்ற பூசணம் பற்றிய ஆய்வில் அறிவியலாளர் டி பாரி 1886இலேயே காட்டிவிட்டார். ஆனால் ஒரு நொதி சுரப்பதைக் காண்பது வேறு. அது இல்லாமல் நோய் வராது என நிறுவுவது வேறு. தாக்குதிறனைத் தீர்மானிப்பது நொதிகளின் எண்ணிக்கையைவிட, எப்போது, எங்கே, எவ்வளவு வெட்டுவது என்ற கட்டுப்பாடே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மக்காச்சோளத்தில் இலைப்புள்ளி உண்டாக்கும் காக்ளியோபோலஸ் கார்போனம் என்ற பூசணத்தில், செல்சுவரின் பெக்டினை அறுக்கும் பாலிகேலக்டுரோனேஸின் மரபணுவை ஜொனாதன் வால்டனின் ஆய்வுக்குழு 1990இல் சிதைத்தது. நோய் குறையவில்லை. சுவரின் சைலனை வெட்டும் சைலனேஸின் மரபணு ஒன்றைச் சிதைத்தபோதும் அதே முடிவுதான். இதற்கு மாறாக, 1998இல் போட்ரைட்டிஸ் சினிரியா என்ற பூசணத்தில் பாலிகேலக்டுரோனேஸ் மரபணு ஒன்றை மட்டும் நீக்கியதும் தக்காளியில் அதன் தாக்குதிறன் தளர்ந்தது. இம்முரணுக்கு ஓம்புயிரின் சுவரிலேயே விளக்கம் உண்டு. தக்காளிச் சுவரில் பெக்டின் மிகுதி. மக்காச்சோளம் போன்ற புல்லினங்களில் அது குறைவு, சைலனே மேலோங்கும். அந்தச் சைலனை வெட்டப் பூசணத்திடம் பல நொதிகள் இருப்பதால், ஒன்று போனால் மற்றொன்று ஈடுசெய்கிறது. ஆகவே ஒற்றை மரபணு நீக்கத்தில் நோய் குறையாததை வைத்து, நொதிகளுக்கே பங்கில்லை என முடிவுகட்ட இயலாது.

2000இல் வால்டனின் குழு காக்ளியோபோலஸ் கார்போனத்தின் கட்டுப்பாட்டு மரபணுவான எஸ்என்எஃப்1ஐக் குறிவைத்தது. குளுக்கோஸ் இருக்கும்வரை சுவரை வெட்டும் நொதிகளின் ஆக்கம் அடங்கியிருக்கும். அந்த அடக்கத்தை விலக்குவது இம்மரபணுவின் வேலை. அதைச் சிதைத்தபோது பல நொதிகள் ஒருங்கே குறைந்தன. பரவும் புள்ளிகளும் குறைந்தன. உருவான புள்ளிகளின் தோற்றம் மட்டும் மாறவில்லை. நுழைவுக் கட்டத்திலேயே இந்நொதிகளின் தேவை மிகுதி என்பதை இது உணர்த்துகிறது. எஸ்என்எஃப்1 வேறு சர்க்கரைகளின் பயன்பாட்டையும் ஆள்வதால், விளைவு முழுவதையும் நொதிகள் கணக்கில் எழுத முடியாது என்ற மறுப்பு நியாயமானது. எனினும், தனி நொதியை இழந்து தாங்கிய பூசணம் கட்டுப்பாட்டை இழந்து தாங்கவில்லை.

வெட்டுவதற்கு விலையும் உண்டு. பெக்டினிலிருந்து உதிரும், ஏறத்தாழ 10 முதல் 15 அலகு நீளமுள்ள கேலக்டுரோனிக் அமிலத் துண்டுகளைச் செடி உணர்ந்து தற்காப்பைத் தூண்டுகிறது. பீன்ஸ் முதலிய பல செடிகளிலுள்ள தடுப்புப் புரதம் பாலிகேலக்டுரோனேஸின் வேகத்தைத் தணிக்கிறது. அதனால் அத்துண்டுகள் மேலும் சிதையாமல் நீடிக்கின்றன. பகைவனின் கத்தியே செடிக்கு அபாய மணியாகிறது. உயிருள்ள செல்லை அண்டி வாழும் பார்லிச் சாம்பல் நோய்ப் பூசணத்தின் மரபணுத்தொகுதி 2010இல் வெளியானபோது, சுவரை வெட்டும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதில் பெரிதும் அருகியிருந்தது தெரிந்தது. மறைந்து வாழ வேண்டிய உயிருக்குக் குறைவாக வெட்டுவதே பாதுகாப்பு என்று இதைப் படிக்கலாம்.

நொதிக்கு ஏற்ற சூழலை அமைத்துக்கொள்வதும் இக்கட்டுப்பாட்டின் பகுதியே. நம் நிலக்கடலையில் தண்டழுகலை உண்டாக்கும் ஸ்க்ளிரோஷியம் ரோல்ஃப்சி, ஆக்சாலிக் அமிலத்தையும் பாலிகேலக்டுரோனேஸையும் சேர்த்தே சுரப்பதை ஆய்வாளர்கள் பேட்மனும் பியரும் 1965இல் காட்டினர். அமிலம் பெக்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தைப் பறித்துக்கொள்கிறது. நொதிக்கு உகந்த அமிலத்தன்மையையும் உண்டாக்குகிறது.

ஆகவே எதிர்ப்புத்திறன் தேடும் பயிர்ப்பெருக்கத்தில் ஒவ்வொரு நொதியாகத் துரத்துவதால் பயன் குறைவு. தடுப்புப் புரதங்களை வலுப்படுத்துவதும், சுவர்த்துண்டுகளை உணரும் திறனைக் கூர்மையாக்குவதும் உறுதியான வழிகள். பேரிக்காயின் தடுப்புப் புரதத்தைப் பெற்ற தக்காளியில் போட்ரைட்டிஸின் பரவல் குறைந்தது இதற்குச் சான்று. பூசணம் எதை வெட்டுகிறது என்பதோடு, அந்த வெட்டைச் செடி எவ்வளவு விரைவில் அறிகிறது என்பதையும் நம் சோதனைகள் அளக்க வேண்டும்.