மின்காந்த இணக்கமும் முறைமைப் பொறியியலும்

ஒரு மின்னணுக் கருவி தன்னைச் சூழ்ந்த மின்காந்தப் புலத்தில் பிசகின்றி இயங்குவதும், அருகிலுள்ள கருவிகளின் வேலையைக் கெடுக்காதிருப்பதும் சேர்ந்ததே மின்காந்த இணக்கம் (இஎம்சி). போர்க்கப்பல், விமானம், மெட்ரோ ரயில் போன்ற பெருந்திட்டங்களில் பல வேளைகளில் இது கட்டுமானம் முடிந்தபின் நடக்கும் சோதனையாகச் சுருங்கிவிடுகிறது. தேவைகளை வரையறுக்கும் கட்டத்திலேயே இது தொடங்க வேண்டும். ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பலுக்கு நேர்ந்தது இதற்குக் கடுமையான சான்று. 1982 மே 4 அன்று அக்கப்பல் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த அலைபரப்பு, எதிரி ரேடாரை உணரும் அதன் சொந்த ஏற்பியை மறைத்துவிட்டது. அவ்வேளையில் வந்த எக்சோசே ஏவுகணை தாக்கி 20 பேர் இறந்தனர். கப்பலில் மனிதத் தவறுகளும் நடந்தன என்பது உண்மை. விசாரணை அவற்றையும் சுட்டியது. ஆனால் எச்சரிக்கைக் கருவி மறைக்கப்பட்டிருந்ததால், அத்தவறுகளைத் திருத்திக்கொள்ளும் ஒரு வாய்ப்பு பறிபோனது. இரு கருவிகளும் ஒரே கப்பலில் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பதிலேயே சிக்கல் இருந்தது. அதைத் தனித்தனிச் சோதனை காட்டியிருக்காது.

ஒவ்வொரு கருவியும் அமெரிக்க ராணுவக் கருவிகளுக்கான மில்-எஸ்டிடி-461 போன்ற தரப்படி தேறினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஆய்வகத்தில் கம்பியின் நீளமும் எர்த் இணைப்பும் வரையறுக்கப்பட்டவை. களத்தில் கம்பி செல்லும் வழியே வேறு. ஒரு முனை எர்த் செய்யப்பட்ட ஒரு மீட்டர் கம்பி ஏறத்தாழ 75 மெகாஹெர்ட்ஸில் ஆன்டெனாவாக மாறும். முழு அமைப்புக்கென அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1997இல் மில்-எஸ்டிடி-464 தரத்தைத் தனியாக வகுத்தது. முக்கியச் செயல்களுக்கு 6 டெசிபல், வெடிபொருளைத் தூண்டும் மின்சுற்றுகளின் பாதுகாப்புக்கு 16.5 டெசிபல் எனப் பாதுகாப்பு இடைவெளி (மார்ஜின்) இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது.

தொடக்கத்திலேயே இதைச் சேர்த்தால் செலவு கூடும் என்பது இன்னொரு மறுப்பு. தொடக்கத்தில் கம்பிப் பாதை, எர்த் அமைப்பு, அலைவரிசைப் பங்கீடு ஆகியவை தாளில் எடுக்கும் முடிவுகள். கட்டியபின் அவையே வடிகட்டிகளாகவும் கவசங்களாகவும் கூடுதல் எடையாகவும் காலதாமதமாகவும் வந்து நிற்கும். தொடக்கத்தில் எல்லா விவரமும் தெரியாது என்பது சரியே. அதனால்தான் இணக்கத் திட்டம் ஒவ்வொரு வடிவமைப்பு மறுஆய்விலும் திருத்தப்பட வேண்டும். பல ஒப்பந்ததாரர்கள் பங்கேற்கும் திட்டத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து, இரு நிறுவனங்களின் கருவிகள் சந்திக்கும் இடைமுகத்துக்கு யாரும் பொறுப்பேற்காமை. அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.