ஹிட்ச்காக் ட்ரெய்லர்கள்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் (1899–1980) இயக்கிய படங்களுக்கு விளம்பரமாகத் தியேட்டர்களில் ஓட்டப்பட்ட குறும்படச் சுருள்கள். படம் வெளியானதும் இவற்றின் வேலை முடிந்தது என்றே திரைத்தொழில் நெடுங்காலம் கருதியது. ஆனால் இவற்றுள் முக்கியமானவை படத்திலிருந்து வெட்டியெடுத்த காட்சிகளின் கோவை அல்ல. தனியே எழுதி, தனியே படம்பிடித்தவை. இத்தகைய ட்ரெய்லர் தொலைந்துபோனால், மூலப்படத்தின் நெகட்டிவ் பத்திரமாக இருந்தாலும் அதிலிருந்து அதை மீட்க வழியில்லை. ட்ரெய்லர் தேடலை ரசிகரின் பொழுதுபோக்காக எண்ணாமல் ஆவணப் பணியாகக் கொள்ள இதுவே காரணம்.

'ரோப்' (1948) நல்ல சான்று. அப்படத்தில் டேவிட் என்ற இளைஞன் தொடக்கத்திலேயே கழுத்து நெரித்துக் கொல்லப்படுகிறான். பிறகு அவன் உடல் கிடக்கும் பெட்டியைச் சுற்றியே, ஒரே வீட்டுக்குள், கதை நகர்கிறது. ட்ரெய்லரிலோ அவன் பூங்காவில் தன் காதலி ஜேனட்டோடு உட்கார்ந்து பேசுகிறான். அவனை உயிரோடு பார்ப்பது இதுவே கடைசி என்று படத்தின் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அறிவிக்கிறார். படத்தில் இல்லாத இந்தக் காட்சி, இறந்தவனுக்கு முகமும் குரலும் தருகிறது. 'சைக்கோ' (1960) ட்ரெய்லர் இன்னும் துணிச்சலானது. சுமார் ஆறரை நிமிடம் ஹிட்ச்காக் வீட்டுத் தரகரைப் போல மோட்டலையும் பழைய வீட்டையும் சுற்றிக் காட்டுகிறார். கொலை நடந்த இடத்தைச் சுட்டி, சொல்லவந்ததைப் பாதியில் விழுங்கிவிடுகிறார். கடைசியில் குளியலறைத் திரைச்சீலையை விலக்கும்போது அலறுபவர் படத்தில் அக்காட்சியில் நடித்த ஜேனட் லீ அல்ல, விக் வைத்த வேரா மைல்ஸ். 'தி பேர்ட்ஸ்' (1963) ட்ரெய்லரில் பறவைகளுக்கு மனிதன் செய்த 'நன்மைகள்' பற்றிச் சொற்பொழிவு. 'ஃப்ரென்ஸி'க்கு (1972) தேம்ஸ் நதியில் அவரே மிதக்கிறார், உண்மையில் அவரைப் போலச் செய்த பொம்மை.

இவை ஸ்டுடியோ விளம்பரப் பிரிவின் சரக்கு, இயக்குநர் கணக்கில் எழுதுவது தவறு என்று சிலர் வாதிடலாம். 1940களின் ட்ரெய்லர்கள் பலவற்றுக்கு அந்த வாதம் பொருந்தும். 'சைக்கோ' ட்ரெய்லருக்கு வசனம் எழுதியவரும் ஹிட்ச்காக் அல்ல, ஜேம்ஸ் அலர்டைஸ்தான். ஆனால் 1955இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்கு ஹிட்ச்காக்கின் முன்னுரைகளை எழுதியவரும் அவரே. ஹிட்ச்காக் திரையில் ஏற்ற அந்தக் குறும்புக்காரப் பாத்திரம் இருவரும் சேர்ந்து வளர்த்தது. திரைக்கதையைப் பிறர் எழுதியதால் படம் இயக்குநருடையது இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ட்ரெய்லருக்கு மட்டும் ஏன் தனிச்சட்டம்? தானே தோன்றிப் படத்தை விற்கும் உத்தியை ஹிட்ச்காக் கண்டுபிடித்தார் என்பது மட்டும் மிகை. 1941லேயே 'சிட்டிசன் கேன்' ட்ரெய்லரை, படத்தின் ஒரு காட்சிகூட இல்லாமல், தம் குரலாலேயே நடத்திச் சென்றவர் அதன் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ்.

இவை அரிதானதற்கு வணிகமுறையே காரணம். அமெரிக்காவில் 1919 முதல் இயங்கிய நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனம், தியேட்டர்களுக்கு ட்ரெய்லர்களை வாடகைக்கு அனுப்பித் திரும்பப் பெற்றது. தியேட்டர் ஆபரேட்டர் அதைப் படத்தின் ரீலோடு ஒட்டுவார், வாரம் முடிந்ததும் வெட்டியெடுப்பார். ஒவ்வோர் ஒட்டுக்கும் ஓரிரு ஃப்ரேம்கள் பலியாகும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டு நிமிட ட்ரெய்லர் 180 அடிதான். இத்தனை சிறிய சுருளைப் பாதுகாக்க எந்தக் கிடங்குக்கும் அக்கறை இல்லை. திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டவர்களும் குப்பையிலிருந்து எடுத்தவர்களும்தான் பலவற்றைக் காப்பாற்றினார்கள். அது சொத்துத் திருட்டு என்று ஸ்டுடியோக்கள் சொன்னதில் சட்டப்படி நியாயம் உண்டு. ஆனால் அந்த நெருக்கடி தேடலை முடக்கியது. 1974இல் நடிகர் ரோடி மெக்டோவலின் வீட்டில் எஃப்.பி.ஐ. புகுந்து அவருடைய படச்சேகரிப்பைப் பறிமுதல் செய்தது. அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை என்றாலும், தம்மிடம் இருப்பதைச் சேகரிப்பாளர்கள் வாய்திறந்து சொல்ல அஞ்சினார்கள். இன்று அமெரிக்காவின் அகாடமி திரைப்படக் காப்பகம் பல்லாயிரக்கணக்கான ட்ரெய்லர்களை வைத்திருப்பது, அக்கண்ணோட்டம் எவ்வளவு மாறியது என்பதற்குச் சான்று.

எல்லாம் டிஸ்க்கிலும் இணையத்திலும் கிடைக்கும்போது பிலிமை ஏன் துரத்த வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. கிடைப்பது எந்த வடிவம் என்பதுதான் சிக்கல். 'வெர்டிகோ'வுக்கு 1958இன் ட்ரெய்லர் வேறு, 1996இல் சீரமைத்த பிரிண்ட் வெளியானபோது வந்தது வேறு. 'சைக்கோ'வை முதலில் வெளியிட்டது பாராமவுண்ட்; உரிமை பிறகு யுனிவர்சலுக்குப் போனதால், மறுவெளியீட்டு விளம்பரங்களும் புழக்கத்தில் கலந்தன. பிலிம் கையில் இருந்தால் பிரித்தறியலாம்: கோடாக் தன் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளால் உற்பத்தி ஆண்டைப் பதித்தது. அக்குறிகள் இருபது ஆண்டுக்கொருமுறை திரும்ப வந்ததால் 1940க்கும் 1960க்கும் ஒரே அடையாளம். ஆகவே அதை மட்டும் நம்பாமல் நிறுவன முத்திரையையும், 1968க்குப் பின் வந்த தணிக்கைத் தர அறிவிப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஓரத்தைக் கத்தரித்துப் படச்சட்டத்தை மட்டும் பிரதியெடுத்த டிஜிட்டல் கோப்பில் முதல் சான்றே கழன்றுவிடுகிறது. வண்ணமும் அப்படியே: வெளிறிச் சிவந்துபோன ஈஸ்ட்மன்கலர் பிரதியிலிருந்து எடுத்த கோப்பைப் பார்ப்பவருக்கு, அச்சிவப்பு இயக்குநரின் தேர்வா, காலத்தின் சேதமா என்று முடிவுகட்ட வெளிறாத இன்னொரு பிரிண்ட் தேவைப்படுகிறது.