அரூர் வட்டாரத்தில் கட்டடப் பரிபாலனம்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

ஒரு கட்டடத்தை எழுப்பியவன் பெயர் கல்வெட்டிலும் சாசனத்திலும் நிலைபெறுகின்றது. அதனை ஆண்டுதோறும் ஒழுக்கடைத்து, வெள்ளையடித்து, தூர்ந்த கால்வாயைத் திறந்து, பல தலைமுறை நிற்கச் செய்தவன் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. இதனால் நம் சரித்திர ஆராய்ச்சியும் கட்டியவரைப் பற்றியே மிகுதியாகப் பேசிற்று. காத்தவர் யார், காப்பதற்குரிய பொருள் அவர்க்கு எங்கிருந்து வந்தது என்னும் வினா உரிய கவனம் பெறவில்லை. இவ்வினாவை எழுப்புவதற்கு அரூர் வட்டாரம் மிகவும் ஏற்றது. மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் ஆலயம் விளங்கும் தீர்த்தமலையும், கல்யாணராமர் கோயிலைத் தன்னுள் கொண்ட தென்கரைக்கோட்டையும், அரசாங்க அலுவலகங்களும், பெருஞ்சாலைகள் கூடுமிடத்தில் நெருங்கி வளர்ந்த கடைவீதியும் ஒரு நாட்பயணத்துள் கண்டுவிடத்தக்க தொலைவில் அமைந்திருக்க, ஒவ்வொன்றின் பின்னும் வெவ்வேறு காலத்துப் பரிபாலன முறை நிற்பதை நாம் காண்கின்றோம்.

சோழர் காலம் முதலாகத் தமிழ்நாட்டுக் கோயில்கள் பராமரிப்புக்கென்று கைக்கொண்ட ஏற்பாடு வியக்கத்தக்கது. திருவிளக்குக்கும் திருவமுதுக்கும் திருநந்தவனத்துக்கும் தனித்தனியே நிலம் விட்டதைப் போலவே, பழுதுபார்க்கும் பணிக்கும் புதுக்குப்புறம் என்று வேறாக நிலம் ஒதுக்கினர். அந்நிலத்தின் விளைவை வேறு செலவுக்கு எடுப்பது தர்மத்துக்கு விரோதம் என்று கருதப்பட்டது. மதில் சரிந்த பிறகு பொருள் தேடி அலையவேண்டிய அவசியம் இதனால் பெரிதும் குறைந்தது. சரியுமுன்னரே அதற்குரிய நெல் களத்துக்கு வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்னும் வழக்கத்தையும் சமயச் சடங்காக மட்டும் பார்ப்பது போதாது. விமானத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைவதும், கல்லிடுக்கில் சுண்ணக்காரை நிரப்புவதும், அஷ்டபந்தனம் புதிதாகச் சாத்துவதும், சுதைக்கு வண்ணம் தீட்டுவதும் ஆகிய அத்தனையும் ஒரே தவணைக்குள் முடிந்தாகவேண்டும் என்று காலத்தை வரையறுத்துக் கொடுத்தது அவ்வழக்கமே. பாறையிடுக்குகளிலிருந்து நீர் இடையறாது கசியும் தீர்த்தமலை போன்ற தலத்தில், ஈரத்தோடு நடத்தவேண்டிய போராட்டம் சமவெளிக் கோயில்களைக் காட்டிலும் கடுமையானது என்பதை அங்குச் சென்று மீண்டோர் அறிவர்.

குடியிருப்புகளுக்குப் புதுக்குப்புறம் இல்லை. அவற்றுக்குப் பஞ்சாங்கமே போதுமானதாக இருந்தது. மழைக்கு முன் கூரை மேய்வதும், நாட்டோடு வேய்ந்த வீடாயின் ஓட்டைப் பிரித்து உடைந்ததை மாற்றி அடுக்குவதும், மண்சுவருக்கு மறுபடி பூச்சிடுவதும், போகிக்கு முன் வெள்ளையடிப்பதும் உழவு நாட்களோடு ஒட்டியே நடந்துவந்தன. சுண்ணாம்பு அழகுக்காக மட்டும் பூசப்பட்டதன்று. மயிரிழை வெடிப்புகளில் புகுந்து இறுகி அவற்றை அடைக்கும் குணமும், பூஞ்சையைத் தடுக்கும் குணமும் அதற்கு உண்டாதலால், ஆண்டுக்கொரு பூச்சு என்பது உண்மையில் ஆண்டுக்கொரு பழுதுபார்ப்பே ஆகும்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, அரூர் வட்டாரமும் அடங்கிய பாராமகால் ஆங்கிலக் கும்பினியார் வசமாயிற்று. காப்டன் அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் 1799 வரையில் நிலத்தை அளந்து தீர்வை விதித்த வரலாறு பலரும் அறிந்தது. அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. நம் விஷயத்துக்கு இன்றியமையாதது சென்னை ராஜதானியின் 1817-ஆம் ஆண்டு 7-ஆம் ரெகுலேஷனாகும். கோயில், மசூதி, கல்விச்சாலை முதலியவற்றுக்கு விடப்பட்ட மானியங்களையும், பாலம், சாவடி, சத்திரம் போன்ற பொதுக் கட்டடங்களையும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் அது வைத்தது. பராமரிப்பு அரசாங்கத்தின் சட்டபூர்வமான கடமை என்று இந்நாட்டில் எழுதப்பட்ட தொடக்ககால ஆவணங்களுள் அதுவும் ஒன்று என்னும் பெருமையை அதற்கு மறுக்க இயலாது. ஆயினும் 1858-இல் மராமத்து இலாகா தனியே நிறுவப்பட்டு, 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டத்தால் ஆலய நிர்வாகம் தர்மகர்த்தாக்களிடமும் கமிட்டிகளிடமும் விடப்பட்டு, 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஸ்தல ஸ்தாபன போர்டுகள் உருப்பெற்றபோது, பழைய கட்டுக்கோப்பின் உயிர்நாடி அறுந்துபோயிற்று. உள்ளூர் வருமானம் கஜானாவுக்குச் சென்று, எஸ்டிமேட், மஞ்சூர், டெண்டர் என்னும் படிகளைத் தாண்டிப் பழுதுபார்ப்புச் செலவாகத் திரும்பவேண்டியதாயிற்று. கணக்கு நேர்மையாயிற்று என்பது உண்மை. ஓர் ஓடு உடைந்ததற்கும் அதனை மாற்றுவதற்கும் இடையே ஒரு மழைக்காலம் கழிந்தது என்பதும் உண்மை.

இருபதாம் நூற்றாண்டில் பிரச்சினை வேறு வடிவம் கொண்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இடநெருக்கடியால் வாடகை ஏறவே, 1941 முதல் சென்னை அரசாங்கம் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவுகளைப் பிறப்பித்தது. பின்னர் 1946-லும் 1949-லும் சட்டங்கள் வந்தன. இறுதியில் 1960-ஆம் ஆண்டின் 18-ஆம் சட்டம் நகராட்சிப் பகுதிகளிலும் அரசு அறிவிக்கும் பிற இடங்களிலும் நிலைபெற்றது. குடியிருப்பவரைக் காப்பாற்றிய அச்சட்டத்தின் நல்லெண்ணம் போற்றுதற்குரியது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நியாய வாடகை என்பது கட்டடமும் மனையும் சேர்ந்த மொத்த மதிப்பில் குடியிருப்புக்கு நூற்றுக்கு 9, வியாபார ஸ்தலத்துக்கு நூற்றுக்கு 12 என்று கணக்கிடப்பட்டது. உடைமையாளர் பழுதுபார்க்கத் தவறினால், வாடகைக் கண்ட்ரோலரின் உத்தரவு பெற்றுக் குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று 22-ஆம் பிரிவு கூறிற்று. ஆனால் கழிவு ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு, அதாவது ஒரு மாத வாடகைக்கு, மிகக்கூடாது. நெடுங்காலத்துக்கு முன் பேசிய வாடகையில் ஒரு மாதத் தொகையைக் கொண்டு ஒழுகும் மாடியை யாரால் செப்பனிட முடியும்?

இதனினும் ஆழமான தீங்கு 14-ஆம் பிரிவிலிருந்து விளைந்தது. இடித்துக் கட்டுவதற்காகக் குடியிருப்பவரை வெளியேற்ற அப்பிரிவு வழி வகுத்தது. அவ்வழக்குகளில் உடைமையாளரின் உண்மையான நோக்கமும், கட்டடத்தின் வயதும் நிலையும் பார்க்கப்படவேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. அதன் பயனாக, சிதைந்த சுவரே உடைமையாளரின் சாட்சியாக மாறிற்று. பழுதுபார்த்தால் வழக்குப் பலவீனப்படும், விட்டுவைத்தால் வலுப்பெறும். நெடுநாள் வாடகைதாரரோ, தமக்குச் சொந்தமில்லாத சுவருக்குச் செலவிட மனம் கொள்ளவில்லை. இருவரும் காத்திருந்தனர்; கட்டடம் மட்டும் காத்திருக்கவில்லை. தமிழ்நாட்டுப் பழைய கடைவீதிகளின் சிதைவுக்கு மழையையும் காலத்தையும் மட்டுமே குற்றம் சொல்வது தவறு என்பது என் துணிபு.

இக்காலத்துள்ளேயே சுண்ணாம்பும் தேக்கு உத்திரமும் நீங்கி, சிமெண்டும் கம்பியும் வந்தன. கான்கிரீட் தளத்துக்குப் பராமரிப்பே வேண்டாம் என்னும் தவறான நம்பிக்கையும் உடன் வந்தது. எந்தக் கடைவீதியிலும் பழகிய ஒரு கடையின் உட்கூரையை நிமிர்ந்து நோக்குக. முதலில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை தோன்றும். பின் கம்பி ஓடும் வழியே நேர்க்கோடாக ஒரு வெடிப்பு. அதன்பின் காரை பொத்துப் பெயர்ந்து துருவேறிய கம்பி வெளியே தெரியும். துரு தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கொள்வதால், உள்ளிருந்தே காரையை உந்தித் தள்ளிவிடுகின்றது. மாடியில் இட்ட சுருக்கித் தளத்தின் தட்டோடுகளுக்கு இடையே பூச்சு விட்டுப்போனதும், மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைத்ததுமே இத்தனைக்கும் ஆதிகாரணம். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் அரைநாளில் முடிக்கக்கூடிய வேலை பல ஆண்டுகள் விடப்பட்டால், தளத்தையே இடிக்கவேண்டிய நிலைக்குக் கொண்டுபோய் விடுகின்றது.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, கடமைகளைத் தன் அட்டவணையில் பிரித்துக் காட்டுகின்றது. கட்டுமானப் பழுது, சுவர்ப்பூச்சு, குழாய் மாற்றல், மின்கம்பி ஆகியவை உடைமையாளரைச் சாரும். குழாய்த் திருகு, சாக்கடை துப்புரவு, சுவிட்சு, பூட்டு, கண்ணாடி ஆகியவை வாடகைதாரரைச் சாரும். வேறாக எழுதிக்கொள்ளவும் இருவருக்கும் இடமுண்டு. யார் செய்வது என்னும் கேள்விக்கு இது தெளிவான விடை. ஆனால் செய்வதற்குரிய பணம் எப்போது ஒதுக்கப்படும் என்னும் கேள்விக்கு இன்னும் விடையில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கம் அமைத்து மாதந்தோறும் பராமரிப்புத் தொகை பிரித்து, ஒரு பகுதியைப் பெரும்பழுதுக்கென்று தனியே வைப்போர் மட்டுமே பழைய புதுக்குப்புறத்தின் தத்துவத்தை, தாம் அறியாமலே, மீட்டிருக்கின்றனர்.

ஆகவே அரூர்ப் பெருமக்களுக்கும், ஊர் நிர்வாகத்தை ஏற்று நடத்துவோருக்கும் ஒரு விண்ணப்பம். பொதுக் கடைகளின் குத்தகையிலும் தனியார் கட்டடங்களின் வாடகையிலும் ஒரு நிச்சயமான பங்கினை, வேறெந்தச் செலவுக்கும் எடுக்கலாகாது என்னும் நிபந்தனையோடு, பழுதுபார்ப்புக் கணக்கில் முதலிலேயே செலுத்துங்கள்; ஒவ்வோர் ஆண்டும் ஆடி பிறக்குமுன் மாடியேறித் தட்டோட்டையும் நீர்க்குழாயையும் பார்த்து, செய்த வேலையையும் செலவையும் ஒரு புத்தகத்தில் எழுதிவையுங்கள்.