ஆளவந்தார் நாயகரின் மணல்வெளி

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால், தேவனேரி, சாலவான்குப்பம், பட்டிபுலம், கிருஷ்ணன்காரணை, நெம்மேலி என்று ஊர்கள் வரிசையாக வரும். வலது கைப்பக்கம் கடல். இடையிடையே சவுக்குத் தோப்பு. இந்த வழியில் போகிறவர்கள் புலிக்குகையைப் பார்க்க இறங்குவார்கள். ஆனால் இந்த மணல் நிலத்தில் பெரும்பகுதி யாருடையது என்று கேட்கிறவர்கள் குறைவு. ஒரு காலத்தில் அது ஒரு தனி மனிதருடையது. அவர் அதைத் தன் பிள்ளை குட்டிகளுக்கு வைக்காமல் தர்மத்துக்கு எழுதிவிட்டுப் போனார்.

அவர் நெம்மேலி ஆளவந்தார் நாயகர். பழுத்த வைணவ பக்தர். நூறாண்டுக்கு முன், 1914இல், அவர் எழுதி வைத்த உயில்தான் இன்றைய ஆளவந்தார் நாயகர் அறக்கட்டளைக்கு அடிப்படை. நிலத்தின் அளவு 1,054 ஏக்கர். மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள், திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில்களில் உற்சவம் நடக்க வேண்டும், வருகிறவர்களுக்கு அன்னதானம் நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். இன்று அறக்கட்டளை இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது.

1,054 ஏக்கர் என்றதும் ஜமீன் சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. நெல் விளையும் நன்செய் அல்ல அது. உப்புக்காற்று அடிக்கும் வெறும் மணல். அந்தக் காலத்தில் கடலோர மணலுக்கு யாரும் விலை பேசியதில்லை. பயன் தந்த ஒரே பயிர் சவுக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் எஞ்சினுக்கும் சென்னை நகரத்து அடுப்புக்கும் விறகு தேவைப்பட்டபோது இந்தக் கடற்கரை முழுக்கச் சவுக்கு பரவியது. சவுக்கு மணலில் வளரும், காற்றைத் தாங்கும், சில ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். வெட்டிய கட்டைகள் பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் பட்டணம் போகும். பெரிய பாய்மரப் படகுகளை ஆட்கள் கரையோடு கயிறு போட்டு இழுத்துப் போனதை என் வயதுக்காரர்கள் சிலராவது பார்த்திருப்பீர்கள். அப்படி விறகுக்கு மட்டுமே உதவிய மண்ணைத்தான் நாயகர் பெருமாளுக்கும் பசித்தவர்களுக்கும் எழுதி வைத்தார்.

கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போவது ஒரு வகை. கொடுப்பது நின்றுபோகாமல் ஏற்பாடு செய்வது இன்னொரு வகை. நம் முன்னோர் இந்த இரண்டாவது வகையில் கெட்டிக்காரர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக் கொடை அடிக்கடி வரும். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு செத்தால், கிழடானால், ஈன்ற குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்ப வேண்டும். அதனால்தான் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். முதல் குறையக் கூடாது, வரும்படியில் மட்டும் தர்மம் நடக்க வேண்டும் என்று இன்றைய வங்கிக்காரர் சொல்வதை ஆட்டுக் கணக்கில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அந்தக் கல்வெட்டுகளின் கடைசியில், இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று கொடுத்தவர் சொல்லுவார். கொடுத்தவர் காப்பவரை வணங்குகிறார். இதை நான் பல வருடம் ஒரு சடங்கு வாசகம் என்றே நினைத்திருந்தேன். வயதான பிறகுதான் அதன் பயம் புரிந்தது. தான் போன பிறகு என்ன நடக்கும் என்ற பயம் அது.

அந்தப் பயம் வீண் அல்ல. பச்சையப்ப முதலியார் கதையைப் பாருங்கள். 1754இல் பெரியபாளையத்தில் பிறந்து, துபாஷியாகப் பெரும் பொருள் ஈட்டி, காஞ்சிபுரம், சிதம்பரம் போன்ற தலங்களில் தர்மம் செய்தவர். 1794இல் உயில் எழுதிவிட்டுத் திருவையாற்றில் காலமானார். அதன்பின் வழக்கு மேல் வழக்கு. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் முயற்சியில் நீதிமன்றம் தலையிட்டது. கோயில் தர்மம் போக எஞ்சிய பணத்தைக் கல்விக்குச் செலவிட வழி பிறந்தது. 1842இல் பள்ளி திறந்தது. அதுவே பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. உயிலுக்கும் பள்ளிக்கும் இடையே 48 ஆண்டு. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் வரும் என்று முதலியார் கனவு கண்டிருப்பாரா தெரியாது. ஆனால் எழுதி வைத்ததால்தான் நீதிமன்றத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு காகிதம் இருந்தது.

ஆளவந்தார் நிலத்துக்கும் அவர் நினைத்திராத விதி வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானதும் விறகு மணல் பொன் மணல் ஆயிற்று. ஆக்கிரமிப்பு, அளவீடு, மீட்பு, வழக்கு என்று செய்தித்தாளில் அவ்வப்போது படிக்கிறோம். 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, அறநிலையத்தின் அசையாச் சொத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது. அனுமதி இல்லாவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாது. சட்டம் வேலிதான். வேலியைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

இதே நிலத்தில் நெம்மேலியில் ஒரு பகுதி குத்தகையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்குப் போனது. 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தண்ணீர் தரும் ஆலை திறந்தது. 2024இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை வந்தது. தென்சென்னை வீடுகளுக்கு அந்தத் தண்ணீர் போகிறது. கரை அரிக்கிறது என்று பக்கத்துச் சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் முறையிட்டதையும் மறக்கக் கூடாது. வள்ளுவர் ஈகை அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதலை வைத்தார். ஏழைக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஊருக்குப் பயன்படுவது. அன்னதானத்துக்கு எழுதிய நிலம் ஊருக்குத் தண்ணீர் தருவது எனக்குத் தவறாகத் தெரியவில்லை. ஆனால் குத்தகைப் பணம் ஒழுங்காக வந்து, உயிலில் சொன்ன சோறும் உற்சவமும் குறையாமல் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டை வைத்துக்கொண்டு நெய்யை அளக்காத கதைதான்.

இதை ஊருக்கு உபதேசமாக எழுத எனக்குத் தகுதி இல்லை. என் தாத்தா சித்திரை, வைகாசியில் ஊர் எல்லையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பார். பானைத் தண்ணீர், நீர்மோர், சில நாள் பானகம். அந்தச் செலவுக்கென்று முப்பது சென்ட் புன்செயை ஒதுக்கி, "இதைத் தொடாதீங்கடா" என்று வாயால் சொல்லி வைத்தார். அப்பா இருந்தவரை பந்தல் நடந்தது. அப்பாவுக்குப் பிறகு பாகப் பிரிவினை வந்தது. முப்பது சென்டையும் சேர்த்து அளந்தார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லையே என்றார் பத்திர எழுத்தர். அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தம்பியைப் பார்த்தேன். மூவரும் கையெழுத்துப் போட்டோம். என் பங்குக்கு வந்த பத்து சென்ட் என் மகள் கல்யாணத்தில் போயிற்று. பேரன் ஒருநாள், "தாத்தா, தண்ணிப் பந்தல் எங்க இருந்துச்சு?" என்று கேட்டான். இடத்தைக் காட்டினேன். ஏன் நின்றுபோயிற்று என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. அதற்கு விறகு போட்டவர்கள், அரிசி கொண்டு வந்தவர்கள் எத்தனை தலைமுறை! அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. கல்வெட்டுக்காரர் தலைமேல் வைத்துக்கொள்வதாகச் சொன்னது அவர்களுடைய பாதத்தைத்தான்.

நெம்மேலியில் ஆளவந்தார் நாயகரின் நினைவிடம் இருக்கிறது. மாமல்லபுரம் போகும்போது பத்து நிமிடம் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கட்டளை, மண்டகப்படி, பந்தல், பள்ளிக்கூடத்துக்கு விட்ட மனை என்று ஏதாவது ஒரு காகிதம் இருந்தால், அது நடக்கிறதா என்று விசாரியுங்கள். காகிதம் இல்லாமல் வாய்ச்சொல்லாக மட்டும் இருந்தால், இப்போதே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். வருகிற சித்திரையில் அண்ணன் வீட்டு வாசலில் இரண்டு பானை வைப்பதாகப் பேசி இருக்கிறோம். நிலம் போனது போனதுதான். தண்ணீராவது வைக்கலாம்.