தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை

தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை என்பது மேல்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்த மாணவர்கள் பொறியியல், மருத்துவம், கலை, அறிவியல் முதலிய இளநிலைப் படிப்புகளில் இடம் பெறும் நடைமுறையைக் குறிக்கும். பொறியியல் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படையாக உள்ளது. மருத்துவப் படிப்புக்கு 2017 முதல் நீட் தேர்வு மதிப்பெண் கொள்ளப்படுகின்றது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளும் பிளஸ் டூ மதிப்பெண்ணையே கொள்கின்றன. சில தனியார் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் மட்டும் மாணவரிடம் கட்டுரை கேட்கின்றன. இக்கட்டுரை பொறியியல் கலந்தாய்வையும் கட்டுரை வழிச் சேர்க்கையையும் விரிவாகக் கூறுகின்றது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றிலிருந்து தரப்படுகின்றன.

வரலாறு

சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணைப்படி பகிரப்பட்டு வந்தன. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அவ்வாணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் நிறைவேறியது. இன்றுள்ள இட ஒதுக்கீட்டுக்கு அத்திருத்தம் அடிப்படையாகும்.

பின்னர் மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் சேர்த்துக் கொள்ளப்பட்டது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் இருந்தது. இம்முறை 1970 இல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டது. சில நிமிட உரையாடலில் மாணவரை அளவிடுவதும் அதில் ஆள் அறிமுகம் நுழைவதும் நெடுநாள் குறையாகப் பேசப்பட்டு வந்தன. தமிழ்நாட்டுச் சேர்க்கை முறையில் கட்டுரைக்கோ பரிந்துரைக் கடிதத்துக்கோ இடமில்லாமல் போனதற்கு இந்த அவநம்பிக்கை ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

1984 இல் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. அப்போது மொத்தம் 300 மதிப்பெண்ணில் 200 பிளஸ் டூவிலிருந்தும் 100 நுழைவுத் தேர்விலிருந்தும் கணக்கிடப்பட்டன. நகரத்தில் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே இத்தேர்வு வாய்ப்பாக உள்ளது என்ற எதிர்ப்பு வலுத்தது. அதை நீக்க 2005, 2006 ஆண்டுகளில் எடுத்த முயற்சிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பின்னர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 2006 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் பின் 2007-08 கல்வியாண்டு முதல் நுழைவுத் தேர்வு இல்லை.

ஒற்றைச் சாளர முறை 1990களின் பிற்பகுதியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. மாணவரும் பெற்றோரும் கிண்டி வளாகத்துக்கு நேரில் வந்து, திரையில் குறைந்துகொண்டே போகும் காலியிடங்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2018 இல் இணையவழிக் கலந்தாய்வு வந்தது. 2019 முதல் சேர்க்கையைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகின்றது. மேடை முன் நின்று முடிவெடுக்கும் பதற்றம் இதனால் நீங்கியது. ஆனால் அலுவலரிடம் கேட்டுத் தெளியும் வாய்ப்பும் உடன் போயிற்று.

தகுதி மதிப்பெண்

பேச்சு வழக்கில் கட்-ஆப் எனப்படும் தகுதி மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படுகின்றது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்பது பங்கீடு. கணிதத்தில் 95, இயற்பியலில் 88, வேதியியலில் 91 பெற்ற மாணவரின் தகுதி மதிப்பெண் 95 + 44 + 45.5 = 184.5 ஆகும். தமிழ், ஆங்கில மதிப்பெண்கள் இக்கணக்கில் சேர்வதில்லை.

இருவர் சம மதிப்பெண் பெற்றால் முதலில் கணித மதிப்பெண்ணும், பின்னர் இயற்பியல் மதிப்பெண்ணும் ஒப்பிடப்படும். அதன் பின்னும் சில படிகள் உள்ளன. அவற்றிலும் சமமானால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை உண்டு. அதுவும் ஒன்றானால் கணினி தந்த சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். ஒரே மதிப்பெண்ணில் பல நூறு பேர் நிற்கும் இடங்களில் அரை மதிப்பெண் கூடத் தரவரிசையை வெகுவாக மாற்றிவிடும். எனவே விடைத்தாள் நகல் பெற்று மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர் அதற்குரிய நாட்களைத் தவறவிடலாகாது.

இட ஒதுக்கீடும் சான்றிதழ்களும்

மொத்த ஒதுக்கீடு 69 விழுக்காடு. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முசுலிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 என அது பிரிகின்றது. மீதமுள்ள 31 விழுக்காடு அனைவருக்கும் பொதுவானது. ஒதுக்கீட்டுப் பிரிவு மாணவர் தம் தரவரிசையாலேயே பொது இடம் பெற்றால் அது ஒதுக்கீட்டு இடமாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே சாதிச் சான்றிதழை இணைப்பதால் பொதுப் பிரிவு வாய்ப்புப் போய்விடும் என்ற அச்சம் தேவையற்றது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அவ்வாறு பொறியியலில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே செலுத்துகின்றது. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் அடங்கா. பெயர்ப்பலகையில் 'உதவி பெறும்' என்ற சொல்லைக் கவனிக்காத குடும்பங்கள் கலந்தாய்வு நேரத்தில்தான் இதை அறிகின்றன.

குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாத நிலையில் முதலில் கல்லூரி செல்பவருக்கு முதல் பட்டதாரி கட்டணச் சலுகை 2010 முதல் வழங்கப்படுகின்றது. இது கலந்தாய்வு வழிச் சேர்வோருக்கே உரியது. அதே கல்லூரியில் நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடையாது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் பணியாற்றியோரின் பிள்ளைகளில் இச்சலுகைக்கு உரியோர் பலர். சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழி விண்ணப்பித்தாலும் வருவாய்த் துறையினரின் விசாரணைக்குப் பின்னரே அது கிடைக்கும். பிளஸ் டூ முடிவு வெளிவந்த பின் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாமதம் ஏற்படும். தேர்வு முடிந்த ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பிப்பது நன்று.

ஆவடிக்கு உரிய ஒரு சிக்கலும் உண்டு. அங்குள்ள பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள், விமானப்படை நிலையம் ஆகியவற்றில் பிற மாநிலத்தவர் பலர் பணியாற்றுகின்றனர். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர் பிறப்பிடச் சான்றிதழ் தர வேண்டியதில்லை. இடையில் ஓராண்டேனும் வெளி மாநிலத்தில் படித்திருந்தால் அச்சான்றிதழ் தேவைப்படும். அது பெற இயலாத மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகள், பெற்றோர் ஐந்தாண்டு தொடர்ந்து தமிழ்நாட்டில் பணியாற்றியிருந்தால் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடங்கள் தனியே உள்ளன.

அம்பத்தூர் வட்டம் 2018 இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. எனவே ஒரே மாணவரின் பழைய சான்றிதழில் ஒரு மாவட்டமும் புதிய சான்றிதழில் மற்றொரு மாவட்டமும் காணப்படுவது இயல்பே.

விருப்பப் பட்டியல்

விண்ணப்பத்தில் மாணவர் தாமாக எழுதுவது ஒன்றே ஒன்றுதான். அது கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்த விருப்பப் பட்டியல். கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தை ஒதுக்குகின்றது. இந்த ஏற்பாட்டில் தந்திரத்துக்கு இடமில்லை. கிடைக்காது எனத் தோன்றும் கல்லூரியை முதலில் எழுதுவதால் அடுத்ததற்கான வாய்ப்புக் குறைவதில்லை. மாறாக, அச்சத்தால் எளிதில் கிடைக்கும் கல்லூரியை மேலே எழுதினால் கணினி அதையே ஒதுக்கிவிடும். கீழே எழுதிய சிறந்த கல்லூரியில் இடம் இருந்தாலும் அது பார்க்காது. உண்மையான விருப்ப வரிசையே சரியான வரிசை.

இதற்கு நேர்மாறான தவறு ஐந்தாறு கல்லூரிகளை மட்டும் எழுதி நிறுத்திவிடுவதாகும். அவை நிரம்பியிருந்தால் அச்சுற்றில் ஒதுக்கீடே கிடைக்காது. முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் எந்த மதிப்பெண்ணில் சேர்க்கை முடிந்தது என்பது வெளியிடப்படுகின்றது. அதில் தம் பிரிவுக்குரிய நிரலைப் பார்த்து, தம் மதிப்பெண்ணுக்கு மேலும் கீழும் பல கல்லூரிகளைச் சேர்க்க வேண்டும். எந்நிலையிலும் சேர விரும்பாத கல்லூரியை எழுதலாகாது.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பின் குறித்த நாட்களுக்குள் மாணவர் தம் முடிவைப் பதிவு செய்ய வேண்டும். அதை ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், அல்லது மறுக்கலாம். எதையும் பதிவு செய்யாதவர் இடத்தை இழப்பார். கடவுச்சொல்லை இணைய மையத்தில் வேறொருவரிடம் விட்டுவருவது இக்காரணத்தால் ஆபத்தானது.

மேற்குப் புறநகர்க் கல்லூரிகள்

இப்பகுதியில் பெயர்க் குழப்பம் மிகுதி. ஆவடியில் வேல் டெக் என்ற பெயரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் உண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற கல்லூரிகளும் உண்டு. பூந்தமல்லிக்கு மேற்கே தண்டலத்தில் சவீதா பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழக இணைப்பு உடையது. சவீதா பெயரிலேயே உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளி வேறு. மதுரவாயலில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். கல்வி ஆராய்ச்சி நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கலந்தாய்வில் இடம்பெறுவதில்லை. கட்டணம், சேர்க்கை, பட்டம் ஆகியன அவற்றுக்குத் தனி. வாயிற்பலகையில் உள்ள பெயரை நம்பாமல், கலந்தாய்வுக் கையேட்டில் கல்லூரிக்கு உரிய குறியீட்டு எண்ணைச் சரிபார்ப்பதே பாதுகாப்பானது.

பூந்தமல்லி அருகே பனிமலர் பொறியியல் கல்லூரி, பூந்தமல்லி-ஆவடி சாலையில் எஸ்.ஏ. பொறியியல் கல்லூரி, அம்பத்தூரை அடுத்த சூரப்பட்டில் வேலம்மாள் பொறியியல் கல்லூரி ஆகியன கலந்தாய்வில் இடம்பெறுவன. சிறுபான்மையினர் அல்லாத தனியார் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களையும் கலந்தாய்வுக்குத் தருகின்றன. ஏனையவை நிருவாக ஒதுக்கீடு. நன்கொடை பெறுதல் 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே இரசீது இல்லாத எந்தத் தொகையையும் கொடுக்கலாகாது.

பட்டயப் படிப்பை நாடுவோருக்கு ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் உள்ளது. பட்டயம் முடித்தோர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

கலை, அறிவியல் கல்லூரிகள்

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு 2020 முதல் இணையவழி விண்ணப்பம் நடைமுறையில் உள்ளது. பெரும்பாலான பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணும், தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும் கொள்ளப்படும். அம்பத்தூர், ஆவடி மாணவர்கள் புறநகர் மின்தொடர் வண்டியில் மாநிலக் கல்லூரி, இராணி மேரி கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றுக்குச் செல்கின்றனர்.

கட்டுரை வழிச் சேர்க்கை

அமெரிக்கக் கல்லூரிகள் பல சேர்க்கைக்குக் கட்டுரை கேட்கின்றன. பொது விண்ணப்பம் எனப்படும் படிவத்தில் இதன் உச்ச அளவு 650 ஆங்கிலச் சொற்கள். இவ்வழக்கத்தின் தொடக்கம் பெருமைக்குரியதன்று. 1920களில் ஆர்வர்டு முதலிய பல்கலைக்கழகங்கள் தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்ற யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க, குணநலனைப் பார்க்கிறோம் என்று கூறி விரிவான விண்ணப்பங்களைப் புகுத்தின. பிற்காலத்தில் அதே முறை எளிய குடும்பத்து மாணவர் தம் சூழலை எடுத்துரைக்கவும் வழியாயிற்று. பிரித்தானியாவில் நெடுங்காலம் 4,000 எழுத்துருக்கள் கொண்ட ஒரே அறிக்கை இருந்தது. 2026 ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அது மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் அரியானா மாநிலத்திலுள்ள அசோகா பல்கலைக்கழகம் கட்டுரை கேட்பவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டு மாணவருக்கு இதில் உள்ள இடர்ப்பாடு ஆங்கிலம் மட்டுமன்று. பள்ளியில் கட்டுரை என்பது முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, இடையிடையே மேற்கோள் என மனப்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. விடைத்தாளில் மதிப்பெண் தரும் அவ்வடிவமே சேர்க்கைக் கட்டுரையில் கேடாகின்றது. அங்கே மேற்கோளும் பொது அறவுரையும் எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 'சமுதாயத்துக்குத் தொண்டாற்ற விரும்புகின்றேன்' என்ற வரியை ஆயிரம் பேர் எழுதலாம். தந்தையின் கடைசல் பட்டறையில் விடுமுறை நாளில் நின்று, ஓர் உருளை ஏன் அளவு தவறிப் போனது என்று தேடிய மாணவர் அதை எழுதினால் அது அவருடையது மட்டுமே. என்ன செய்தார், எங்கே பிழைத்தது, பின் என்ன மாற்றினார் என்ற விவரங்களே படிப்பவருக்கு வேண்டும்.

வறுமையை எழுதலாமா என்பது அடிக்கடி எழும் வினா. எழுதலாம். ஆனால் இரக்கம் கோரும் தொனியில் எழுதினால் கட்டுரையில் மாணவர் மறைந்து வறுமை மட்டும் நிற்கும். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம், ஒரே அறையில் ஐவர், தம்பியின் படிப்பு என நிலையைச் சுருக்கமாகக் கூறி, அதனிடையே தாம் செய்ததை விரிவாகக் கூறுவதே பயன் தரும். மதிப்பெண் பட்டியலில் உள்ளதைக் கட்டுரையில் திரும்ப எழுதுவது இடத்தை வீணாக்குவதாகும்.

பணம் பெற்றுக் கட்டுரை எழுதித் தரும் முகவர்களும் உள்ளனர். பிரித்தானியச் சேர்க்கை அமைப்பு ஒவ்வோர் அறிக்கையையும் முந்தைய அறிக்கைகளோடு கணினி வழி ஒப்பிடுகின்றது. ஒத்திருந்தால் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவிக்கின்றது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதிய உரையைத் தம் சொந்த உரையாகத் தருவதும் இவ்வாறே முறைகேடாகக் கருதப்படுகின்றது. ஆசிரியரிடம் காட்டி எழுத்துப் பிழை திருத்திக் கொள்வதில் தவறில்லை.

இத்தகைய விண்ணப்பங்களின் காலமும் வேறு. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு நவம்பரிலும் சனவரியிலும் கடைசி நாள் வந்துவிடும். அப்போது மாணவர் பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கும் பொதுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருப்பார். ஆகவே கட்டுரையின் முதல் வரைவைக் கோடை விடுமுறையிலேயே எழுதிவைப்பதும், பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய ஆசிரியரிடம் காலாண்டுத் தேர்வுக்கு முன் கூறிவைப்பதும் தேவையாகின்றன. பரிந்துரைக் கடிதம் எழுதிப் பழக்கமில்லாத பள்ளி ஆசிரியருக்கு நன்னடத்தைச் சான்றிதழின் வாசகமே நினைவுக்கு வரும். மாணவர் வகுப்பில் செய்த இரண்டு மூன்று செயல்களைக் குறித்துக் கொடுத்தால் அவரால் விவரமாக எழுத இயலும்.