வாள்சுறாவும் கப்பல் எலக்ட்ரீஷியன்களும்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மின்சாமான் கடை வைத்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. கல்லூரிப் படி மிதித்தவனல்லன். கல்லாவில் உட்கார்ந்தபடியே நிகண்டும் கல்வெட்டும் படித்தவன். அறிஞர் பெருமக்கள் எழுதும் இம்மலரில் நானும் எழுதத் துணிந்ததற்குக் காரணம், என் கடைக்கு ஒயர் வாங்க வந்த ஒரு பெரியவர்.

வந்தவாசிப் பக்கத்துக்காரர். கடற்படையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்று, இங்கே மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தவர். "தொழில் எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "வால்சுராவுல, நயினார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாள்சுறா நம் சொல் அல்லவா! வாள்போல் நீண்ட மூக்கின் இருபுறமும் பல் வரிசை கொண்ட மீன் அது. பரதவர் சுறாக் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அப்பெயர் குஜராத்தில், ஜாம்நகரை அடுத்த ரோசித் தீவில், ஒரு கடற்படைப் பள்ளிக்கு விளங்குகிறது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 டிசம்பர் 15 அன்று டார்பிடோப் பயிற்சிக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி.

டார்பிடோவுக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்? அக்காலத்தில் கடற்கண்ணிகளைக் கம்பி வழியே மின்சாரம் பாய்ச்சி வெடிப்பார்கள். ஆகவே பிரிட்டிஷ் கடற்படையில் பேட்டரி, டைனமோ, விளக்கு எல்லாம் டார்பிடோக்காரர் பொறுப்பாயின. டார்பிடோ என்பதே தொட்டால் மின்னதிர்ச்சி தரும் திருக்கை மீனுக்கு உரிய லத்தீன் பெயர்தான்! 1946இல் பிரிட்டிஷ் கடற்படை மின்பிரிவைத் தனியாக்கியது. நம் கடற்படையும் அவ்வழியே சென்றது, வால்சுரா மின்பள்ளியாயிற்று.

அதே 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய்த் 'தல்வார்' தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். கெட்ட சோறு, குறைந்த சம்பளம், வெள்ளை அதிகாரிகளின் ஏச்சு, போர் முடிந்தபின் பிழைப்புக்கு வழியில்லாமை ஆகியவை காரணங்கள். 78 கப்பல்கள், 20 கரைத்தளங்கள், ஏறத்தாழ 20,000 பேர் எனப் பரவி, 23ஆம் தேதி முடிந்தது. தொழில் கற்றவன் மரியாதை கேட்ட கதை அது.

நம் பெரியவர் வேலை பார்த்தது 'மைசூர்' போர்க்கப்பலில். பிரிட்டனின் 'நைஜீரியா'வாக இருந்து, 1957இல் நம் கடற்படையில் சேர்ந்து, 1985 வரை பணி செய்த கப்பல். அதில் ஓடியது 220 வோல்ட் டி.சி. கரண்ட். 1972இல் சேர்ந்த 'நீலகிரி'யிலோ 440 வோல்ட் ஏ.சி., அதுவும் 60 சைக்கிள். நம் வீட்டில் 50. "பழசை மறந்து புதுசா படிக்கணும் நயினார்" என்பார்.

கப்பலில் மின்கம்பியின் எந்த முனையும் உடற்பகுதியோடு சேர்க்கப்படுவதில்லை. ஓரிடத்தில் காப்பு கெட்டாலும் மின்சாரம் நிற்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் உப்புக் காற்று காப்பைத் தின்றுகொண்டே இருக்கும். மெக்கரை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாம் இடத்திலும் கெட்டால் ஆபத்து. காந்தக் கண்ணிகளுக்குத் தப்ப, கப்பலைச் சுற்றிக் கேபிள் வளையங்கள் உண்டு. குண்டு பட்டு ஒரு பகுதி இருண்டால், கையால் கேபிள் இழுத்துப் பம்புக்கும் பீரங்கிக்கும் கரண்ட் கொடுக்க வேண்டியவர் எலக்ட்ரீஷியன்தான்.

இவ்வளவு தெரிந்தவரை இந்நகரில் ஓர் அலுவலகம், கடற்படைச் சான்றிதழ் செல்லாது, கரைச் சான்றிதழ் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டது. அவர் ஒருபோதும் வைது பேசியதில்லை. "கப்பல்ல தப்பு பண்ணா எல்லாரும் முழுகிடுவோம், இங்க ஃபியூஸ் தானே போகும்" என்று சிரிப்பார்.

அவர் மறைந்து சில ஆண்டுகளாயின. தமிழிலும் ஆங்கிலத்திலும் மின்வரைபடங்கள் எழுதிய அவருடைய நோட்டுகளைக் கேட்டுப் போனேன். "பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டோம் அங்கிள்" என்றார் மகன். அவர் மேல் பிழையில்லை. நானும் உயிரோடு இருந்தபோதே கேட்டு வாங்கியிருக்கலாம். நாளை நாளை என்றிருந்துவிட்டேன்.

2022இல் வால்சுராவுக்குக் குடியரசுத் தலைவரின் கொடி வழங்கப்பட்டது. பள்ளியின் வரலாறு பதிவாகிவிட்டது. படித்தவர் வரலாறு பரணில் கிடக்கிறது. படையிலும் தொழிற்சாலையிலும் உழைத்த முன்னோர் நம்மில் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. அவர்தம் சான்றிதழையும் நோட்டையும் எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். முடிந்தால் சங்க நூலகத்தில் சேருங்கள். மன்னர் வரலாற்றுக்குக் கல்வெட்டு உண்டு. இவர்களுக்கு அந்தக் காகிதம் மட்டுமே கல்வெட்டு.