மெடலின் திரைப்படங்களும் ‘பார்லாச்சே’ வழக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

குழூஉக்குறியைத் தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக வைத்தெண்ணியது நம் இலக்கண மரபு. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர். இவ்வெடுத்துக்காட்டுகளைத் தலைமுறை தலைமுறையாக வகுப்பறையில் ஒப்பித்து வந்துள்ளோம். ஆயின் ஒரு குழூஉக்குறி எங்ஙனம் தோன்றுகிறது, குழுவின் எல்லையைக் கடந்து எவ்வாறு ஊர் வழக்காகிறது, அதனைப் பேசியோர் மறைந்தபின் என்னவாகிறது என்பவற்றைக் கண்முன் காட்டும் சான்றுகள் அரியன. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு மெடலின் நகரில் 1980களில் உருப்பெற்ற ‘பார்லாச்சே’ என்னும் பேச்சு வழக்கு அத்தகைய சான்றுகளுள் ஒன்று. அகராதிகள் அதனைத் தொகுப்பதற்கு முன்னரே பதிவு செய்தவை, தொழில்முறை நடிகர்கள் இன்றிக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட சில திரைப்படங்கள் ஆகும். போதைப்பொருள் வணிகமும் அதன் நிழலில் வாழ்ந்த இளைஞர் வாழ்வும் அவற்றின் பொருள். அப்படங்களின் வரலாற்றையும், அவை மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் விட்டுச் சென்றுள்ள சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இலக்கணப் புலவர் ஆண்ட நாடு

கொலம்பியா தன் ஸ்பானிய மொழியின் தூய்மை குறித்துப் பெருமை கொண்ட நாடு. அமெரிக்கக் கண்டத்தின் முதல் ஸ்பானிய மொழிக் கழகம் 1871-இல் அங்குத்தான் நிறுவப்பட்டது. 1892 முதல் 1898 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த மிகெல் அந்தோனியோ காரோ, ருஃபினோ ஹொசே குவேர்வோவுடன் இணைந்து இலத்தீன் இலக்கணம் எழுதியவர். அவர்க்குப் பின் 1900-இல் ஆட்சிக்கு வந்த மர்ரோக்கின் எழுத்திலக்கணத்தைச் செய்யுளாக யாத்தவர். குவேர்வோ தொடங்கிய தொடரமைப்புப் பேரகராதியின் முதல் தொகுதி 1886-இல் வெளிவந்தது. பொகொட்டாவிலுள்ள காரோ – குவேர்வோ நிறுவனம் அதனை 1994-இல்தான் நிறைவு செய்தது. அந்நிறுவனமே 1981 முதல் 1983 வரை ஆறு தொகுதிகளாகக் கொலம்பிய மொழி நிலப்படத்தையும் வெளியிட்டது. கிளைமொழி ஆய்வில் போற்றத்தக்க பணி அது. எனினும் அக்கால நிலப்பட மரபுக்கேற்ப அதன் நோக்கு பெரிதும் ஊர்ப்புறப் பேச்சின் மீதே இருந்தது. பெருநகரின் மலைச்சரிவுகளில், நாட்டுப்புறத்திலிருந்து குடிபெயர்ந்தோர் எழுப்பிய குடியிருப்புகளில் புதியதொரு வழக்கு முளைத்துக் கொண்டிருந்தது. அது அத்தகைய ஆய்வின் கண்ணில் படக்கூடியதன்று.

அவ்வழக்கு முளைத்த காலம் கொடியது. 1984 ஏப்ரல் 30 அன்று நீதி அமைச்சர் ரொட்ரிகோ லாரா போனியா பொகொட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மோட்டார் சைக்கிளில் வந்து சுட்டவர்கள் மெடலின் இளைஞர்கள். கூலிக்குக் கொல்பவனைக் குறிக்கும் ‘சிக்காரியோ’ என்னும் சொல் அதன்பின் நாளிதழ்களின் அன்றாடச் சொல்லாயிற்று. இது தெருவில் பிறந்த சொல் அன்று. குறுவாளைக் குறிக்கும் ‘சிக்கா’ என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த பழைய ஏட்டுச் சொல். இளைஞரைப் பற்றிப் பிறர் சொன்ன சொல் ஏட்டிலிருந்து வந்தது. இளைஞர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சொற்கள் வேறிடத்திலிருந்து வந்தன. 1991-இல் மெடலினில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 380 பேர் கொலையுண்டனர். மாண்டவர்களுள் பெரும்பாலோர் இளம் ஆடவர்.

கவிரியாவின் படங்கள்

விக்தோர் கவிரியா உளவியல் பயின்றவர், கவிஞர். கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்க முயன்ற ஓர் இளைஞனைப் பற்றிய செய்தித்தாள் குறிப்பே அவருடைய முதல் முழுநீளப் படத்திற்கு வித்து. ‘ரொட்ரிகோ டி: நோ ஃபுத்தூரோ’ (எதிர்காலம் இல்லை) என்னும் அப்படம் 1990-இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது, அவ்வாறு இடம்பெற்ற முதல் கொலம்பிய முழுநீளப் படம் அதுவே. இத்தாலிய இயக்குநர் தெ சிகாவின் ‘உம்பெர்த்தோ டி’ படத்திற்குச் செய்த வணக்கமாகப் பெயரில் ‘டி’ சேர்ந்தது. அரசு சார்ந்த திரைப்பட வளர்ச்சி நிறுவனமாகிய ஃபோசினே அதற்கு உதவிற்று. 1978-இல் தொடங்கிய அந்நிறுவனம் 1993-இல் மூடப்பட்டது. திரைப்படத்திற்கெனத் தனிச் சட்டம் 2003-இல் வரும் வரை கொலம்பிய இயக்குநர்கள் ஒவ்வொரு படத்திற்கும் அலைந்து பொருள் திரட்ட வேண்டியிருந்தது.

கவிரியாவின் முறை மொழியியலார் கருத்தில் கொள்ளத்தக்கது. அவர் உரையாடலை எழுதி இளைஞர் கையில் கொடுக்கவில்லை. அவர்களுடன் நெடுங்காலம் பழகி, அவர்தம் கதைகளைக் கேட்டு, அவற்றிலிருந்து திரைக்கதையை அமைத்தார். படப்பிடிப்பில் அவரவர் தத்தம் சொற்களிலேயே பேசினர். கள ஆய்வாளர் ‘தகவலாளி’ என்று குறிப்பிடுவோரே இங்கு நடிகர்கள். ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் பேச்சைத் திருத்திக் கொள்ளும் இயல்பைக் கள ஆய்வு செய்த எவரும் அறிவர். பல மாதப் பழக்கம் அக்குறையைப் பெரிதும் களைந்திருக்கிறது எனலாம். ஆயினும் இதனை நூற்றுக்கு நூறு இயற்கைப் பேச்சாகக் கொள்ளுதல் பிழை. படத்தொகுப்பாளரின் கத்தரி இடையே நிற்கிறது. அப்படத்தில் நடித்த இளைஞருள் சிலர் இருபது வயதை எட்டாமலே கொல்லப்பட்டனர். படம் அவர்களுடைய நினைவுக்கே உரியதாக்கப்பட்டுள்ளது.

அதே 1990-இல் இதழாளர் அலொன்சோ சலாசாரின் வாக்குமூல நூல் வெளிவந்தது. பிற்காலத்தில் (2008–2011) மெடலின் நகரத் தலைவராக இருந்தவர் இவர். நூலின் தலைப்புச் சொல்லுக்குச் சொல் ‘நாங்கள் விதைக்கென்று பிறந்தவர்கள் அல்லோம்’ எனப் பொருள்படும். 1992-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்போ ‘மெடலினில் சாகப் பிறந்தவர்கள்’ என்று பெயர் பெற்றது. பொருள் சிதையவில்லை, விதை போயிற்று. விதைக்கு விட்ட சுரைக்காயைப் பந்தலில் பார்த்த தமிழர்க்கு இத்தலைப்பு விளக்கமின்றியே விளங்கும். இதனை ஆங்கில வழியே மட்டும் பெறும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தம் வீட்டுக் கொல்லையில் இருப்பதை இழந்து விடுகிறார்.

1998-இல் வந்த ‘லா பெந்தெதோரா தெ ரோசாஸ்’ (ரோசாப்பூ விற்பவள்) ஆண்டர்சனின் தீக்குச்சி விற்ற சிறுமி கதையைத் தெருச் சிறுமியர் வாழ்வில் பொருத்திக் காட்டியது. இதுவும் கான் போட்டியில் இடம்பெற்றது. பசையை முகர்ந்து மயங்கும் சிறுவர்களை அப்படம் காட்டுகிறது. அப்பசையின் வணிகப் பெயரான ‘சாக்கோல்’ பொதுப்பெயராகி, ‘சாக்கொலேரோ’ என முகர்பவனையும் குறித்து நின்றது. வணிக நிறுவனத்தின் பெயர் ஆகுபெயராதற்கு இதனினும் துயரமான காட்டு வேறு இராது.

போதைப்பொருள் வணிகத்தை நேராகப் பொருளாக்கிய கவிரியாவின் படம் 2004-இல் வந்த ‘சூமாஸ் இ ரெஸ்தாஸ்’ (கூட்டலும் கழித்தலும்). கதை நிகழும் ஆண்டு 1984. நடுத்தர வகுப்பைச் சேர்ந்த பொறியாளன் ஒருவன் பணமுடையால் வணிகன் ஒருவனுடன் கூட்டுச் சேர்ந்து சிறிது சிறிதாக மூழ்குகிறான். பொறியாளன் பேச்சில் வணிகனின் சொற்கள் ஏறுவதைக் கவனித்தால் வீழ்ச்சியின் ஒவ்வொரு படியையும் கணக்கிடலாம். குழூஉக்குறி குழுவைக் கடந்து நடுத்தர வகுப்பின் வாயில் குடியேறிய வரலாறே அப்படம் என்பது என் கருத்து. அவ்வணிகனைக் குறிக்கும் ‘த்ராக்கேத்தோ’ என்னும் சொல்லைத் துப்பாக்கியின் படபட ஒலியோடு தொடர்புபடுத்துவர்.

இடையே வந்த மற்றொரு நூலையும் சுட்ட வேண்டும். குவேர்வோவின் அகராதி நிறைவுற்ற அதே 1994-இல், ஃபெர்னாந்தோ வயேஹோவின் ‘கொலைஞரின் கன்னி மாதா’ நாவல் வெளிவந்தது. அதன் கதைசொல்லி ஓர் இலக்கண ஆசிரியர்; கொலைத் தொழில் செய்யும் இளைஞனின் சொற்களுக்கு இடையிடையே உரை கூறிக்கொண்டு செல்கிறார். வயேஹோ தாமே இலக்கிய மொழியின் இலக்கணம் எழுதியவர் (1983); பின்னர்க் குவேர்வோவின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார் (2012). பார்பே ஷ்ரோதர் அந்நாவலை 2000-இல் மெடலின் தெருக்களிலேயே எண்மின் ஒளிப்படக் கருவியால் படமாக்கினார்.

சொற்கள்

அந்தியோக்கியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூஸ் ஸ்தெல்லா கஸ்தஞேதா, ஹொசே இக்னாசியோ எனாவோ ஆகியோர் இவ்வழக்கை முறையாக ஆராய்ந்து 2001-இல் நூலாகவும் 2006-இல் அகராதியாகவும் வெளியிட்டனர். ‘பேசு’ என்னும் வினையும், கூட்டாளிகள் கூடுமிடத்தைக் குறிக்கும் ‘பார்ச்சே’யும் கலந்து ‘பார்லாச்சே’ ஆயிற்று. 2001-இல் வந்த ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இச்சொல்லை ஏற்றுக்கொண்டது.

சொல்லாக்க வழிகளுள் அசை மாற்றம் ஒன்று. ‘காமிசா’ (சட்டை) ‘மிசாக்கா’ ஆகும். ‘போத்தோன்’ தலைகீழாகித் ‘தோம்போ’ (காவலர்) ஆகும். பின்னது புவெனஸ் அயர்ஸ் நகரின் லுன்ஃபார்தோ வழக்கிலிருந்து வந்தது. தாங்கோ இசையின் பெரும்பாடகர் கார்லோஸ் கார்தெல் 1935 ஜூன் 24 அன்று விமான விபத்தில் மாண்டது மெடலினில்தான். அந்நகரத்தார்க்கு அவ்விசையின் மீதுள்ள பற்று பெரிது. பாட்டோடு சொல்லும் வந்து சேர்ந்தது. தமிழில் ‘சிவிறி’ ‘விசிறி’யானது போன்ற இலக்கணப்போலியில் எழுத்து தானாக இடம் மாறுகிறது, இங்கு மறைத்தற்பொருட்டு வேண்டுமென்றே மாற்றப்படுகிறது.

உவமை ஆகுபெயர்கள் மிகுதி. பிணம் ‘முனியேக்கோ’ (பொம்மை). துப்பாக்கிக் குண்டு ‘சும்பிம்பா’. அது ஒரு மரத்தின் கரிய உருண்டை விதை. நம் பூந்திக்கொட்டையும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. சொல் பிறந்த இடம் சிறுவர் விளையாட்டு என்பதை மறத்தலாகாது. கொக்கெயின் ‘பெரிக்கோ’ (கிளி). ஆனால் பொகொட்டாவில் அதே சொல் பால் கலந்த சிறு குவளைக் காப்பியையும் குறிக்கும். சூழல் அறியாத மொழிபெயர்ப்பாளர் காப்பிக் கடையில் கொக்கெயின் விற்று விடுவார்.

தமிழில் பெயர்த்தல்

நண்பனை விளிக்கும் ‘பார்சே’, ‘பார்சேரோ’ ஆகியவற்றுக்கு ‘மச்சான்’ என்பதே உடனே நாவில் வரும். ஆயின் இச்சொல்லைப் பங்குதாரனைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லினின்று வந்ததாகக் கருதுவோர் உளர். அங்ஙனமாயின் ‘பங்காளி’ என்பதே தக்கது. நம் இளைஞர் வழக்கிலும் அது உண்டு. மேலும் பங்காளி என்ற சொல்லுக்குள் பங்காளிச் சண்டையும் ஒளிந்திருக்கிறது. கூட்டாளியே காட்டிக்கொடுக்கும் இப்படங்களுக்கு அந்நிழல் தேவை.

முன்னிலைப் பெயர்கள் இதனினும் கடினம். மெடலினில் ‘வோஸ்’, ‘து’, ‘உஸ்தெத்’ மூன்றும் வழங்கும். பாடநூல்கள் மரியாதைச் சொல்லாகக் கற்பிக்கும் ‘உஸ்தெத்’ அங்கு நெருங்கிய நண்பரிடையேயும் குடும்பத்திலும் வரும். அதனை எங்கும் ‘நீங்கள்’ என்றாக்கினால் இரு தெருப்பிள்ளைகள் வங்கி அலுவலர்போல் பேசுவர். பெற்ற பிள்ளையை ‘வாங்க கண்ணு’ என்றழைக்கும் கொங்கு வழக்கை அறிந்தவர்க்கு, மரியாதை விகுதி தொலைவைக் குறித்தே தீர வேண்டியதில்லை என்பது புதிதன்று. ஆனால் கொங்குத் தமிழை மெடலின் மலைச்சரிவில் நடவும் இயலாது. ‘நீ’ என்று எழுதி, தொலைவு உண்மையாகவே தோன்றும் இடத்தில் மட்டும் ‘நீங்கள்’ இடுவதே நான் கண்ட வழி.

வசையைப் பற்றி ஒன்று. ‘கொனொர்ரேயா’ என்னும் பால்வினை நோய்ப்பெயர் அங்குப் பெருவழக்கான வசை. சில வேளை அன்பு விளியும் ஆகும். தமிழில் ‘பேதியில போவான்’, ‘கழிச்சல்ல போறவன்’ என நோய்வசை உண்டு. எனினும் நாம் நோய் வரட்டும் என்கிறோம். அவர்கள் ஆளையே நோய் என்கிறார்கள். ‘பீடை’ ஓரளவு பொருந்தும். சாதிப்பெயர் சார்ந்த வசையை இவ்விடத்தில் பெய்வதை மட்டும் எவ்வாற்றானும் தவிர்க்க வேண்டும். மூலத்தில் இல்லாத ஒரு கொடுமையை அது கொண்டு சேர்க்கும்.

‘புவெல்தா’ என்பது ஸ்பானியத்தில் சுற்று, நடை. வங்கிக்குப் போய் வருவதும் அதுவே. கொன்று வருவதும் அதுவே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்புப் பயிலரங்கில் இச்சொல்லைக் கொடுத்தபோது, இளைய பயிற்சியாளர் அனைவரும் ஒரே குரலில் ‘சம்பவம்’ என்றனர். திரைப்படத் தமிழ் பழகிய செவிக்கு அது பொருத்தமாகவே தோன்றும். ஆயின் ‘சம்பவம்’ என்றவுடன் இரத்த வாடை வீசுகிறது. மகன் அவ்வாறு சொல்லிச் சென்றால் தாய் வாயிலை மறித்து நிற்பாள். ‘ஒரு வேலை இருக்கிறது’ என்று சொல்லிச் சென்றால் சாப்பிட்டுவிட்டுப் போ என்பாள். மூலத்தில் அவள் கேட்பது இரண்டாவதைத்தான். நெடுநேர வாதத்திற்குப் பின் பலகையில் ‘வேலை’ என்று எழுதினோம். இருவர் மட்டும் இறுதிவரை உடன்படவில்லை.